சீப்பு நிற்கும் இடம்: பிளீச் போட்டு 14 மாதம்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் முடியை நான்கு அங்குலம் வெட்டிவிட்டு வந்தேன். அன்றிரவே மச்சாள் போன் எடுத்து, "நானும் பிளீச் பண்ணப் போறன், உங்கட எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நிறத்தில் ஒரு குறையும் இல்லை. கன்னங்கரிய முடி ஒரே பகலில் தேன் நிறமானது. காலிமுகத்திடலில் வெயில் சாயும் நேரம் அதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும். முதலில் முகம் சுழித்த அம்மாவும் பிறகு "வடிவா இருக்கு" என்றார்.

ஆனால் சீப்பு! முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். இப்போது உச்சியிலிருந்து 14 செ.மீ. என் சொந்தக் கறுப்பு. சீப்பு அதில் வழுக்கிக்கொண்டு இறங்கி, தேன் நிறம் தொடங்கும் இடத்தில் டக்கென்று நிற்கும். தினமும் காலையில், பஸ்ஸுக்கு ஓடவேண்டிய நேரத்தில்.

பிளீச்சில் உள்ள காரம் முடியின் மேற்செதில்களைத் திறந்துவிடும். ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ளே போய், முடிக்குக் கறுப்பைக் கொடுக்கும் மெலனினை உடைக்கும். கறுப்பு போனதும் மஞ்சள் வந்துவிடாது. நடுவில் சிவப்பும் செம்மஞ்சளும் பிடிவாதமாக நிற்கும். அதைத் தாண்டத்தான் எனக்கு 30 வொலியூம், அதாவது 9% பெரொக்சைட், ஒரே நாளில் இரண்டு தடவை போட்டார்கள். அது முடியின் புரதமான கெரட்டினை இறுக்கிப் பிடிக்கும் கந்தகப் பிணைப்புகளையும் அறுக்கும், முடியின் மேலிருக்கும் மெல்லிய கொழுப்புப் படையையும் கொண்டுபோய்விடும். சீப்பை வழுக்கவைப்பதே அந்தப் படைதான். தலை குளித்தால் இன்னும் மோசம். ஈரமுடி ரப்பர் மாதிரி நீண்டு, கையோடு அறுந்து வரும்.

போட்டுவிட்ட பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன். "ரெண்டாவதைக் கொஞ்ச நாள் விட்டுப் போடுவம் அக்கா" என்றுதான் சொன்னாள். கேட்காதது நான்.

கொண்டிஷனர் அடுத்த குளிப்பு வரைக்கும்தான். வெளியே வந்த முடிக்கு உயிரில்லை, அது தானாக ஆறாது. குளிக்க முன் பூசும் தேங்காயெண்ணெய்தான் ஓரளவு கைகொடுத்தது. முடியிலிருந்து புரதம் கழன்று போவதை அது குறைக்கும்.

மச்சாள், நிறம் எனக்கு இவ்வளவு பிடித்தும் சொல்கிறேன், வேண்டாம். உன் முடி இடுப்பைத் தொடுகிறது. அதன் நுனி ஆறு வருஷத்துக்கு முந்தியது.