மழைக்கோட்டை விட மழைக் கால்சட்டை: ஹோத் குன்றில் குடும்பமாக நடந்த அனுபவம்

அயர்லாந்தில் மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கே போய்விடுவார்கள். மழை குறைவு என்று பெயர் வாங்கிய கிழக்குக் கரையிலேயே வருடத்துக்குச் சுமார் 150 நாள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மேற்கே சில இடங்களில் 225 நாள் வரை. அதனால் சில வருடமாக நாங்கள் மழையோடேயே கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலும் போவது டப்ளினுக்குப் பக்கத்திலுள்ள ஹோத். அங்கே போட்டுத் தேய்த்த மழை உடைகளைப் பற்றித்தான் இது.

டப்ளின் புறநகர் ரயிலான டார்ட்டின் ஒரு கடைசி நிறுத்தம் ஹோத். இறங்கினால் துறைமுகம். அதைத் தாண்டி வீடுகளுக்கு நடுவே ஏறினால் குன்றின் விளிம்பை ஒட்டிய பாதை. பச்சை அம்புக்குறி போட்ட 6 கிலோமீட்டர் சுற்று பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். ஊதா 12 கிலோமீட்டர், அதை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குடை வேண்டவே வேண்டாம். இங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, கடல் பக்கமிருந்து படுக்கை வாட்டில் அடிக்கும்.

எல்லோரும் மழைக்கோட்டுக்குத்தான் காசைக் கொட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் காசு கால்சட்டைக்கு. கோட்டில் விழுந்த தண்ணீர் எங்கே போகும்? வழிந்து நேராகத் தொடைக்கு. ஜீன்ஸ் போட்டிருந்தால் கால் மணி நேரத்தில் கனத்து ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் கடல் காற்று. "வீட்டுக்குப் போலாம்பா" என்ற குரல் அங்கேதான் ஆரம்பிக்கும். வாங்கும்போது பக்கவாட்டு ஜிப் முழங்கால் வரைக்காவது இருக்கிறதா பாருங்கள். கணுக்காலோடு நின்றுவிடும் ஜிப்பென்றால் ஷூவைக் கழற்றாமல் மாட்ட முடியாது. பிள்ளை சேற்றில் ஒற்றைக் காலில் நின்று, உங்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, மற்ற காலை நுழைக்கிற காட்சி உங்களுக்கு வேண்டாம். கால்சட்டையின் விளிம்பு ஷூவுக்கு மேலே விழ வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற தண்ணீர் அத்தனையும் ஷூவுக்குள்தான்.

ஒரு குறை உண்டு. பாதை ஒடுங்கும் இடங்களில் மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் முட்புதர் இரண்டு பக்கமும் நெருக்கும். மெல்லிய துணியில் சின்னச் சின்ன ஓட்டை விழுந்துவிடும். ஒட்டுத் துணி வைத்து உள்பக்கமாக ஒட்டினோம், இன்றுவரை தாங்குகிறது.

கோட்டுக்கு வருவோம். லேபிளில் 10,000, 20,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது, எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பது. அந்த எண்ணை விட, தண்ணீரை ஒட்டவிடாத வெளிப்பூச்சுதான் நாளாவட்டத்தில் முக்கியம். பூச்சு போனதும் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கறுக்கும். உள்ளேயிருக்கும் வியர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேயே நீராகிவிடும். உடனே "கோட்டு ஒழுகுது" என்று புதுசு வாங்க ஓடுவோம். பல நேரம் அது நம் வியர்வைதான்! சாதாரண சோப்புத்தூளும், அதை விட மோசமாகத் துணி மென்மையாக்கும் திரவமும்தான் பூச்சு இப்படி வேலை செய்யாமல் போகப் பெரும்பாலும் காரணம். நாங்கள் மழை உடைகளுக்கென்றே விற்கும் நிக்வாக்ஸ் திரவத்தில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் டிரையரில் போடுகிறோம். எடுத்துப் பார்த்தால் தாமரை இலையில் உருளுகிற மாதிரி தண்ணீர் உருளுகிறது. பையின் பட்டை உரசும் தோள் பகுதி மட்டும் முதலில் களைத்துப்போகும்.

சின்னவனுக்கு உடம்பு முழுக்க மூடும் ஒற்றை உடை. காற்றே போகாத பிளாஸ்டிக் பூச்சு, ஆனால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. பாத்ரூம் என்றால் முழுசாக உரிக்க வேண்டும். ஆகவே அந்த வேலையை ஊருக்குள்ளேயே முடித்துவிட்டு ஏறுங்கள், குன்றின் மேல் மறைவு என்று சொல்லக் காற்றுதான் இருக்கிறது. ரப்பர் பூட்ஸ் இந்தப் பாறைப் பாதைக்கு ஆகாது, வழுக்கும். அதைப் பக்கத்திலுள்ள டாலிமவுண்ட் கடற்கரை மணலுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த மணல் இருக்கும் 'புல்' (Bull) தீவே இருநூறு சொச்சம் வருடங்களுக்கு முன்னால் கிடையாது. டப்ளின் துறைமுகத்துக்காக 1825-ல் கட்டி முடித்த வடக்குச் சுவரை ஒட்டி மணல் ஒதுங்கி ஒதுங்கி உண்டான இடம்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் வேண்டாம். விறைத்த விரலால் அள்ளவே முடியாது. சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கை வைத்துச் சுருட்டினால் கையுறையோடு சாப்பிடலாம். அதை முடித்த தெம்பில் 1814-ல் கட்டிய பெய்லி கலங்கரை விளக்கம் தெரிகிற வளைவு வரை பிள்ளைகள் முணுமுணுக்காமல் வருவார்கள்.

காற்றுக்கு அயர்லாந்து வானிலை மையமான மெட் ஏரன் மஞ்சள் எச்சரிக்கை விட்டாலே நாங்கள் விளிம்புப் பாதையைத் தொடுவதில்லை, பல இடங்களில் தடுப்பே கிடையாது. அன்றைக்கு டாலிமவுண்ட்தான், அதுவும் காற்று அனுமதித்தால்.

இந்தக் குளிர்காலத்துக்குப் புதிதாக வாங்க வேண்டியது பெரியவளுக்கு ஒரு கால்சட்டை மட்டும். அதையும் ஒரு அளவு பெரிதாக, இடுப்பில் இழுத்துக் கட்டும் நாடா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.