காக்கியும் ஆட்டமும்: விஜயனா, ஜோகிந்தரா?

குமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரையில் பந்து உதைக்கும் தம்பிகளுக்கு போலீஸ் வேலை ஆசை இருந்தால், இரண்டு பேரைப் பார்க்கலாம்.

கால்பந்து வீரர் ஐ.எம். விஜயன் திருச்சூர்க்காரர். ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். அவருக்கு வேலை கொடுத்ததே கால்பந்துதான். பதின்வயதிலேயே கேரள போலீஸ் அணிக்குள் வந்துவிட்டார். 1990, 1991 என அடுத்தடுத்து இந்திய கிளப்புகள் மோதும் பெடரேஷன் கோப்பையை அந்த அணி வென்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நடுவில் கொல்கத்தா கிளப்புகளுக்குப் போனார், சினிமாவில் நடித்தார். அப்புறம் மறுபடியும் காக்கிதான். 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கிரிக்கெட் வீரர் ஜோகிந்தர் சர்மாவின் வழி வேறு. 2007 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவரை வீசி, பாகிஸ்தானின் மிஸ்பாவை வீழ்த்தியவர். அந்த வெற்றிக்குப் பிறகு ஹரியானா போலீஸில் டிஎஸ்பி ஆனார். 2020 ஊரடங்கில் சாலையில் நின்று வேலை பார்த்தார்.

ஜோகிந்தர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் உலகக் கோப்பை ஓவர் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நம் கடற்கரைப் பையன்களுக்கு விஜயன் வழிதான் சரி. சின்ன வயதிலேயே சம்பளம் வரும், ஆட்டமும் நிற்காது. கூடவே படிப்பையும் விடாதீர்கள் தம்பிகளே, விளையாட்டு ஒதுக்கீட்டிலும் கல்வித் தகுதி கேட்பார்கள்.