ஒன் யூஐ 7 வந்த அன்றே நிறுவலாமா: கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து ஒரு மதிப்பீடு

சாம்சங் தன் போன்களை இயக்கத் தரும் ஒன் யூஐ 7 நல்ல மென்பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை வந்த அன்றே போனில் ஏற்றியிருக்க வேண்டுமா என்று கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி நடத்தும் ஒருவர் கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். ஆண்ட்ராய்டு 15-ஐ அடிப்படையாகக் கொண்ட இந்தப் பதிப்பு 2025 ஏப்ரல் 7 அன்று கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் அதே காலத்து மடிப்புப் போன்களுக்கும் வெளிவரத் தொடங்கியது. கொரியாவில் எஸ்24 போன்கள் சிலவற்றைத் திறக்கவே முடியவில்லை என்ற புகார் எழுந்ததால், ஒரு வாரத்துக்குள்ளேயே விநியோகம் நிறுத்தப்பட்டுப் பிழை திருத்தப்பட்ட பின் மீண்டும் தொடங்கியது. எங்கள் மாவட்டத்தில் தோட்டங்களைப் பார்த்து விலை பேசி, முதல் வரத்துக்காக மண்டியைத் தயார் செய்யும் நேரமும் அதுவே. எடைச் சீட்டின் படம், கூழ் ஆலையின் அழைப்பு, தோட்டக்காரருக்கு யூபிஐ வழியாக அனுப்பும் பணம் என எல்லாம் ஒரே போனில் நடக்கும் இடத்தில் அந்தப் போன் அரை நாள் திறக்காவிட்டாலும் இழப்பு பெரிது.

இதனால் அப்டேட் என்று எது வந்தாலும் தள்ளிப்போட வேண்டும் என்று பொருளில்லை. ஒரே பெயரில் இருவேறு பொருள்கள் நம் போனுக்கு வருகின்றன. ஒன்று, தோற்றத்தையும் வசதிகளையும் மாற்றும் புதிய பதிப்பு. மற்றொன்று, மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தம். ஆண்ட்ராய்டுக்கு இந்த மாதாந்திர முறை 2015 ஆகஸ்டில், ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டதைத் தொடர்ந்து நடைமுறைக்கு வந்தது. திருத்தத்தோடு எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்ற அறிக்கையும் வெளியாவதால், அடைக்காத போன்களைத் தேடுகிறவர்களுக்கும் அது வழிகாட்டியாகி விடுகிறது. ஆகவே திருத்தம் மட்டுமே வந்தால் அன்றிரவே நிறுவிவிடுவது நல்லது.

இதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. சாம்சங் போன்களில் படக் கோப்புகளைக் கையாளும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டை, அதே 2025 ஏப்ரல் மாதத் திருத்தத்தில்தான் அடைக்கப்பட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தி, வாட்ஸ்அப் வழியாக அனுப்பப்பட்டதாகத் தோன்றும் படங்கள் மூலம் லேண்ட்ஃபால் என்ற உளவு நிரல் ஏற்றப்பட்டிருந்ததைப் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025 நவம்பரில் வெளியிட்டார்கள். குறிவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மத்திய கிழக்கு நாடுகளில் இருந்தவர்கள். மாங்காய் வியாபாரியை உளவு பார்க்க எவரும் அவ்வளவு செலவு செய்யப் போவதில்லை என்பது உண்மைதான். இருப்பினும் நாளெல்லாம் முகமறியாத எண்களிலிருந்து வரும் படங்களைத் திறந்து பார்ப்பதே தொழிலாக உள்ளவர்கள் இதைக் கவனிக்காமல் விட முடியாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மாடலுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டால், அதன் பிறகான பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக அந்தப் பதிப்போடு சேர்ந்தே வருகின்றன. பழையதிலேயே இருந்துகொண்டு திருத்தத்தை மட்டும் கேட்டு வாங்க இயலாது. மறுபுறம், ஏற்றிய பதிப்பு பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப எளிய வழி எதையும் நிறுவனம் தருவதில்லை. சீக்கிரம் போனாலும் ஆபத்து, அதிகம் தாமதித்தாலும் ஆபத்து என்ற இந்த நிலையில், இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்திருப்பதே என் கணக்கு. பெரிய பிழை எதுவும் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. எங்கள் மண்டியின் எஸ்24 போனில் விநியோகம் மீண்டும் தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, மே மாதத்தில் ஓர் இரவு வேலை முடிந்த பின் நிறுவினோம்.

நிறுவிய பின் கண்ணில் படும் முதல் மாற்றம் மேலிருந்து இழுக்கும் திரையில் இருக்கிறது. அறிவிப்புகள் ஒரு பக்கமாகவும், வைஃபை, டார்ச் போன்ற பொத்தான்கள் வலப்பக்க ஓரத்திலிருந்து இழுத்தால் மட்டும் தெரியும்படியாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. பணம் வந்த செய்தியைப் பார்த்த கையோடு டார்ச்சைப் போட்டு லாரிக்கு அடியில் குனியும் எங்கள் கணக்குப்பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று எண்ணினேன். ஆனால் இரண்டையும் பழையபடி ஒன்றாகவே வைத்துக்கொள்ள அந்தத் திரையின் அமைப்புகளிலேயே வழி தந்திருக்கிறார்கள். இவ்வகை மாற்றங்களைச் செய்யும்போது பழைய முறையையும் விட்டுவைக்கும் இந்தப் பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன். சார்ஜ் ஏறுவதை 80, 85, 90, 95 சதவீதங்களில் எதில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது பகல் முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் மண்டி போனுக்கு ஏற்ற வசதி. கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு ஓடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பேருந்து நிலையக் கூட்டத்தில் போகிறவர்கள் அதை இயக்கி வைத்துக்கொள்வது நல்லது. பூட்டுத் திரையின் அடியில் பாட்டையும் டைமரையும் காட்டும் நௌ பார் அழகாக இருக்கிறது, அவ்வளவே. பெரிய அப்டேட்டுக்குப் பின் செயலிகளைப் போன் மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்வதால் முதல் சில நாள்கள் பேட்டரி வேகமாக இறங்குவது எல்லாப் போன்களிலும் உள்ளதே. அதை வைத்து உடனே தீர்ப்பெழுத வேண்டாம்.

பதிவிறக்கம் சில ஜிபி அளவில் இருப்பதால், நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. அஞ்செட்டி, வத்தல்மலை போன்ற பகுதிகளில் இருப்பவர்கள் நல்ல வைஃபை உள்ள இடத்துக்கு வரும்போது பதிவிறக்கிக்கொண்டு, நிறுவுவதை வேறொரு நேரத்துக்கு ஒத்திவைக்கலாம். அதற்கு முன் வாட்ஸ்அப் உரையாடல்களையும் எடைச் சீட்டுப் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைப்பது கட்டாயம். வாட்ஸ்அப்பிலிருந்து எடுக்கும் நகல் கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் சேர்வதால், அங்கே இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்டேட் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது செயலியை நேரடியாக ஏற்றும் கோப்புகளைத் தொடவே கூடாது. போனின் அப்டேட், செட்டிங்ஸில் உள்ள சாஃப்ட்வேர் அப்டேட் பகுதி வழியாகவே வரும். வங்கியோ மின்வாரியமோ அதை அனுப்புவதில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஓசூர்ப் பக்கம் ஐபோனின் உறைப்பாகம் தயாராகும் மாவட்டமாக இருந்தும் மண்டிகளில் நான் காண்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான் என்றாலும், 2014 செப்டம்பரில் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 8.0.1 பதிப்பு வந்தபோது ஐபோன் 6 போன்களில் சிக்னலே போய், ஆப்பிள் அதைச் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றதை நினைவில் வைப்பது நல்லது.

எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டுகள் அப்டேட் தருவதாகச் சாம்சங் அறிவித்திருப்பதால் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வரும். ஒன் யூஐ 8, அப்டேட்டாக 2025 செப்டம்பரில் எஸ்25 போன்களுக்கே முதலில் வந்ததால், எங்களைப் போன்றவர்களுக்குக் காத்திருப்பு தானாகவே அமைந்தது. மாங்காய் வரத்தும் அதற்குள் ஓய்ந்திருந்தது. அறிவிப்பு வந்த வாரத்திலேயே நிறுவிக்கொண்டோம்.