புது யூனிட் என்றார்கள், பழைய ரிமோட் கதவைத் திறந்தது

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு அலாரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். என்னை இரண்டு பேர் ஏமாற்றினார்கள். காரை விற்றவர் ஒருவர், சரிசெய்து தருகிறேன் என்றவர் இன்னொருவர். இரண்டாவது ஆள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

காரில் இருந்தது கம்பெனி அலாரம் இல்லை. முன்பு வைத்திருந்தவர் தனியாக வாங்கிப் பொருத்தியது. வாங்கும் அன்று ரிமோட்டை அழுத்திப் பார்த்தேன். கதவு பூட்டியது, திறந்தது. அதோடு விட்டுவிட்டேன். டாஷ்போர்டு ஓரத்தில் ஒரு சிவப்பு லைட் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. "செக்யூரிட்டி லைட் சார், திருடன் பார்த்தா கிட்டயே வரமாட்டான்" என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன். அலாரம் விழித்திருந்தால் அந்த லைட் விட்டு விட்டு மின்னும். இடைவிடாமல் எரிந்தால், இந்த மாதிரி செட் பலவற்றில், வேலே மோடில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவு பூட்டும், திறக்கும்; சைரன் மட்டும் வாய் திறக்காது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் டேஷ்கேம் ஒயரை உள்ளே செருகிக்கொண்டிருந்தேன். சாவி ஆனில் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்திருந்த குட்டி பட்டனில் கை பட்டது. சிவப்பு லைட் அணைந்தது, வேலே மோடும் விலகிவிட்டது. அன்று இரவு 2 மணிக்குக் கச்சேரி ஆரம்பம். ரிமோட்டை அழுத்தினால் நிற்கும், அரை மணி நேரத்தில் மறுபடி கத்தும். தெருவே ஜன்னலில் நின்றது.

விற்றவருக்குப் போன் செய்தேன். "நல்லா ஓடிட்டிருந்த வண்டிய யாரு நோண்டச் சொன்னா?" என்றார். என்ன ஏது என்று கேட்கக்கூட இல்லை. விஷயம் அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன். பேட்டரி இறங்கினாலும் அலாரம் தானாகக் கத்தும் என்று கேள்விப்பட்டிருந்ததால், போகும் முன்பே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். நிறுத்தி வைத்த வண்டியில் 12.6 வோல்ட். குறையில்லை. அதைச் சொன்னதும் அவர் பேட்டரிப் பேச்சை விட்டுவிட்டு, மீட்டரைக் கையில் எடுக்காமலேயே, "கண்ட்ரோல் யூனிட் போச்சு சார், புதுசு போட்டாத்தான் தீரும்" என்றார். சாயங்காலம் வண்டி வந்தது. பில்லில் "அலாரம் யூனிட் புதியது" என்று எழுதியிருந்தது. பழையதைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போட்டாச்சாம்.

நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள் மழை, நள்ளிரவில் மறுபடி அதே ஊளை. தூக்கக் கலக்கத்தில் ரிமோட் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அலமாரி டிராயரில் கிடந்த இரண்டாவது ரிமோட்டை எடுத்து அழுத்தினேன். சைரன் நின்றது, கதவும் திறந்தது. படுக்கைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது: இந்த ரிமோட்டை நான் எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கவே இல்லை!

புது யூனிட் என்றால் ஒவ்வொரு ரிமோட்டையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். டிராயரில் கிடந்த ரிமோட்டை அது எப்படி அறியும்? மறுநாள் போய்க் கேட்டேன். "எல்லா ரிமோட்டும் ஒரே ஃப்ரீக்வென்சிதான் சார்" என்றார். ஃப்ரீக்வென்சி ஒன்றாக இருக்கலாம், 433 மெகாஹெர்ட்ஸில் ஏகப்பட்ட ரிமோட்டுகள் வேலை செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அனுப்பும் ரகசியக் குறியீடு வேறு. இல்லையென்றால் ஒரு பார்க்கிங்கில் ஒருவர் அழுத்தினால் பத்து கார் திறக்குமே! பதில் வரவில்லை.

இன்னொரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். சாவியைப் போட்டதும் அந்த லைட் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினார். கடைசியாக எந்தப் பக்கத்திலிருந்து அலாரம் கிளம்பியது என்பதை அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்குமாம் (செட்டுக்குச் செட் கணக்கு மாறும்). நேராகப் பானட்டுக்குப் போனார். ஓரத்தில் விரல் நீள சுவிட்ச், பானட் மூடினால் உள்ளே அமுங்கும், திறந்தால் எழும்பி பாடியோடு எர்த் ஆகும். அதில் துரு பிடித்திருந்தது. ஈரம் பட்டால் மூடிய பானட்டையே திறந்ததாக யூனிட்டுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, "இன்னிக்கு ராத்திரி பாருங்க" என்றார். மழை பெய்தது, சத்தமே இல்லை. மறுநாள் புது சுவிட்ச் போட்டார். அதன் விலை முதல் பில்லின் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

யூனிட்டைக் கழற்றியும் காட்டினார். ஸ்குரூவெல்லாம் வருடக்கணக்காகத் தொடாத அழுக்கு. அதிர்வை உணரும் ஷாக் சென்சாரின் குட்டித் திருகு மட்டும் கடைசி வரை இறக்கப்பட்டிருந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய "புதுசு" அவ்வளவுதான். அதாவது அந்த நான்கு நாளும் என் கண்ணாடியை யாராவது உடைத்திருந்தாலும் அலாரம் கண்டுகொண்டிருக்காது.

வாங்குவதற்கு முன் நான் செய்திருக்க வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. ஜன்னலை இறக்கிவிட்டு ரிமோட்டால் பூட்டி, ஒரு நிமிடம் கழித்து உள்ளே கையை விட்டுப் பானட் லீவரை இழுத்திருந்தால் போதும், சைரன் கத்துகிறதா இல்லையா என்று தெரிந்திருக்கும். ரிப்பேருக்கு விடும்போது ஒரு ரிமோட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முன்பு வைத்திருந்தவரிடம் மூன்றாவது ரிமோட் இருக்கலாம் என்ற சந்தேகத்தில், எல்லா ரிமோட்டையும் யூனிட்டிலிருந்து அழித்து என்னுடைய இரண்டை மட்டும் மறுபடி சேர்த்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் பாதிப் பணம் தருகிறேன் என்று இறங்கி வந்திருக்கிறார். பில்லும் டிராயர் ரிமோட்டும் பத்திரமாக இருக்கின்றன. முழுசும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.