மீன்தூளா, சோயாப் புண்ணாக்கா: வளர்ப்பு மீனின் தாதுச்சத்து எதில் தேறும்?

சோயா தின்று வளர்ந்த மீனில் சத்தே இருக்காது என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மைதான். எந்தச் சத்து, மீனின் எந்தப் பாகத்தில் என்று பிரித்துக் கேட்டால் கதை மாறும்.

மீன்தூளில் முள்ளும் சேர்ந்தே அரைபடுவதால் கால்சியமும் பாஸ்பரஸும் தாராளம். கடல் சரக்கு என்பதால் செலினியம், அயோடினும் உண்டு. சோயாவிலும் பாஸ்பரஸுக்குக் குறைவில்லை. ஆனால் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற தாவரச் சேர்மத்தின் வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதை உடைக்கும் பைட்டேஸ் நொதி மீன் குடலில் கிட்டத்தட்ட இல்லை. போதாததற்கு, பைட்டேட் துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். செரிக்காத பாஸ்பரஸ் கழிவாக நீரில் கலந்து பாசியை வளர்க்கும். விலை கூடிய சோயாப் புரதச் செறிவு வாங்கினால் தப்பிக்கலாமா? அதில் சர்க்கரைகளைத்தான் நீக்குகிறார்கள், பைட்டேட் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

சரி, மீன்தூள் மட்டும் குறையற்றதா? முள் அதிகம் சேர்ந்த மீன்தூளில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டும் துத்தநாகம் உடலில் சேர்வதைத் தடுக்கும். ரெயின்போ ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு இதனால் கண்புரையே வந்திருக்கிறது. கெண்டைக்கோ இரைப்பையே கிடையாது. அமிலம் சுரக்காததால் முள்ளில் உள்ள பாஸ்பரஸைக் கரைத்து எடுக்க முடியாமல் திணறும்.

அப்புறம், தட்டுக்கு வரும் சதை. கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்றவற்றின் அளவைச் சதையில் மீன் உடல் ஓரளவு நிலையாகவே வைத்துக்கொள்ளும். பற்றாக்குறை முதலில் தெரிவது எலும்பில்தான்: பாஸ்பரஸ் போதாவிட்டால் முதுகெலும்பு கோணும். சதையில் பளிச்சென்று தெரியும் மாற்றம் செலினியத்தில். தீவனத்தில் குறைந்தால் அங்கும் குறையும். நார்வே சால்மன் தீவனத்தில் 1990 வாக்கில் சுமார் 90 சதவீதம் கடல் பொருட்களாக இருந்தது, 2013இல் அது 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. செலினியத்துக்கு அது நட்டம். ஆனால் மீன்தூளோடு வரும் பாதரசமும் ஆர்சனிக்கும் குறைந்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

என் ஓட்டு, சரிக்கட்டிய தாவரத் தீவனத்துக்கு. அழுத்தம் 'சரிக்கட்டிய' என்பதில்தான். பைட்டேஸ் சேர்த்தால் பாஸ்பரஸ் விடுபடும். சூட்டில் நொதி கெடும் என்பதால் தீவனக் குருணை ஆறிய பிறகு தெளிக்க வேண்டும். குளிர்நீர் மீன்களில் பலன் மந்தம், அங்கே மோனோகால்சியம் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்பே நம்பகமானது. செலினியத்துக்கு செலினோமெத்தியோனைன் என்ற கரிமச் செலினியம் நல்லது. செலினைட் என்ற கனிம உப்பை விட அது சதையில் நன்றாகத் தங்கும். அளவு மீறினால் செலினியம் நஞ்சு. கரிமச் செலினியம் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் கிலோ தீவனத்துக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பது அதனால்தான். தீவன மூட்டையில் புரதச் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. தாதுக் கலவை விவரத்தைக் கேட்டு வாங்குங்கள்.