சுண்டெலி ஐகேம்-1 எஃப்சி: புரோட்டீன் பிரமாதம், வால்தான் தொல்லை

எலும்பு மஜ்ஜையிலிருந்து மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) வளர்க்கும் நண்பர் கேட்டார்: “சுண்டெலி ஐகேம்-1 வாங்கணும். எஃப்சி வால் ஒட்டினதை வாங்கட்டுமா, ஹிஸ் டேக் போட்டது போதுமா?” ஐகேம்-1 செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒட்டுப் புரோட்டீன்; அதைக் குழியில் பூசி, எந்தச் செல் ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். எஃப்சி என்பது ஆன்டிபாடியின் வால் பகுதி, ஹிஸ் டேக் என்பது ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களாலான சிறு ஒட்டு. இதெல்லாம் அவருக்கே தெரியும். நேராக எஃப்சி குப்பிக்கு வருகிறேன்.

டி செல் வேலைக்கு இது அருமையான சரக்கு. மனித ஐஜிஜி1 ஆன்டிபாடியின் எஃப்சி பகுதி இரண்டு ஐகேம்களை ஜோடி சேர்த்துவிடுவதால் செல்லின் மேலிருக்கும் எல்எஃப்ஏ-1 என்ற கொக்கி நன்றாகப் பற்றிக்கொள்கிறது. மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம், குழிக்கு 50 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் ஓர் இரவு, மறுநாள் 1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) ஊற்றி ஒரு மணி நேரம் பிளாக்கிங், அதாவது காலி இடங்களை அடைத்தல். கோட்டிங் அவ்வளவுதான். 50 மைக்ரோகிராம் குப்பியில் 96 குழி பிளேட் மூன்று போட்டும் கொஞ்சம் மிஞ்சும். பிஎம்ஏ (செல்லைத் தூண்டும் வேதிப்பொருள்) கொடுத்த செல் ஒட்டி நிற்கும், கொடுக்காதது கழுவும்போதே போய்விடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும்.

ஒட்டவில்லை என்றால் புரோட்டீனைத் திட்டுவதற்கு முன் பஃபரைப் பாருங்கள். மெக்னீசியம் இருக்கிறதா? கழுவும் பஃபர் 37 டிகிரியில் இருக்கிறதா? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் எல்எஃப்ஏ-1 பிடியை விட்டுவிடும். மாங்கனீஸ் 1 மில்லிமோலார் போட்டுத் தூண்டுகிறவர்கள் அதை பிபிஎஸ்ஸில் கலக்க வேண்டாம்; பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். ஹெப்பீஸ் சலைன்தான் அதற்குச் சரி.

குப்பிக்குள் தூள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. காலிக் குப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாமல், அறை வெப்பத்துக்கு வந்தபின் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விட்டுத் திறங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம். பிஎஸ்ஏ கேரியர் கலந்ததா என்று ஆர்டர் போடும்போதே பார்த்துவிடுங்கள். கலந்திருந்தால் பிளாஸ்டிக்கில் இடத்தை பிஎஸ்ஏவே பிடித்துக்கொள்ளும், கோட்டிங்குக்கு உதவாது.

இனி வால். டி செல்லில் எஃப்சி ரிசப்டர் (ஆன்டிபாடி வாலைப் பிடிக்கும் புரோட்டீன்) அநேகமாகக் கிடையாது, அதனால் அங்கே வால் வாயைத் திறக்காது. மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில், என்கே செல், பி செல் எதை ஊற்றினாலும் கதை வேறு. சுண்டெலி ரிசப்டர்கள் மனித ஐஜிஜி1-ஐ நன்றாகவே பிடிக்கும். ஒட்டியது ஐகேமிலா வாலிலா என்று பிளேட் ரீடர் சொல்லாது. “2.4ஜி2 போட்டால் சரியாகிவிடும்” என்பார்கள். அந்த ஆன்டிபாடி எஃப்சி ரிசப்டர் 2, 3 இரண்டையும் அடைக்கும். மேக்ரோஃபேஜில் இருக்கும் உயர்பிடிப்பு ரிசப்டர் 1, அதாவது சிடி64, திறந்தே கிடக்கும்.

இதைவிட எரிச்சலூட்டுவது பழைய அலிகாட் (பிரித்து உறைய வைத்த சிறு பங்கு). உறைய வைத்து உருக்கி, மறுபடி உறைய வைத்தால் புரோட்டீன் திரளும். திரண்ட எஃப்சி இம்யூன் காம்ப்ளக்ஸ் (ஆன்டிபாடியும் ஆன்டிஜெனும் சேர்ந்த திரள்) போலவே நடந்துகொள்ளும். தனியாக இருந்தால் கண்டுகொள்ளாத தாழ்பிடிப்பு ரிசப்டர்கூட அதை விடாது. ஒப்பிட வைக்கும் கன்ட்ரோல் எஃப்சி (ஐகேம் இல்லாத வெறும் வால்) புதுசாக இருந்து ஐகேம் குப்பி பழசாக இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே “ஸ்பெசிஃபிக் அட்ஹீஷன்” (ஐகேமால் மட்டும் வந்த ஒட்டுதல்) வேஷம் போட்டு வரும். எவ்வளவு அழகான கிராஃப்! இரண்டையும் ஒரே நாளில் பிரித்து உறைய வையுங்கள். ஒருமுறை உருக்கியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். கோட்டிங்குக்கு முன் 10,000 ஜி-யில் பத்து நிமிடம் சுற்றி மேல்நீரை மட்டும் எடுங்கள்.

கன்ட்ரோலை எடைக்குச் சமமாகப் போடுவதும் பொருந்தாது. வெறும் எஃப்சி சின்ன மூலக்கூறு. ஒரே எடையில் அதன் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். மோலார் கணக்கில் போடுங்கள், அல்லது முழு மனித ஐஜிஜி1 பயன்படுத்துங்கள்.

மலிவான சோதனை ஒன்று உண்டு. ஒரு வரிசைக் குழிகளில் மட்டும், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவை 5 மில்லிமோலார் சேருங்கள். எல்எஃப்ஏ-1 பிடிப்புக்கு மெக்னீசியம் வேண்டும், எஃப்சி பிடிப்புக்கு வேண்டாம். இடிடிஏவிலும் கழன்று வராமல் நிற்கும் செல்லை ஐகேம் கணக்கில் சேர்க்க முடியாது. பக்கத்து வரிசையில் எல்எஃப்ஏ-1-ஐ அடைக்கும் எம்17/4 ஆன்டிபாடியும், அதற்குரிய ஐசோடைப்பும் (எல்எஃப்ஏ-1-ஐப் பிடிக்காத, அதே வகை ஆன்டிபாடி) இருந்தால் இன்னும் தெளிவு. இவ்வளவு பேசுகிற டேட்டா ஷீட்டில் வால் பற்றி ஒரு எச்சரிக்கை வரி போட்டால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

டி செல்லுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். இருந்தாலும் இன்றைக்கு மூன்றுதான் கொடுக்க மனசு வருகிறது. அடுத்த ஆர்டரும் இதுவேதான், அது வேறு விஷயம்.

நண்பருக்கு: ஹிஸ் வாங்குங்கள். ஜோடி சேராத ஒற்றை மூலக்கூறு என்பதால் 3 மைக்ரோகிராமில் நிற்காமல் 5, 10 என்று ஏற்றிப் பாருங்கள். எஃப்சி குப்பி ஏற்கெனவே ஃப்ரீசரில் இருந்தால், மனித எஃப்சியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை முதலில் கோட் செய்து அதன்மேல் ஐகேமைப் பிடித்து வைக்கலாம்; ஐகேம் நிமிர்ந்து நிற்கும், வாலும் ஓரளவு மறையும். அந்த ஆன்டிபாடிக்கும் ஒரு எஃப்சி உண்டு, எனவே எஃப்சி நீக்கிய எஃப்ஏபி2 துண்டாகப் பார்த்து வாங்குங்கள். ஹிஸ் ஐகேமை நிக்கல் லிப்பிட் பைலேயரில் (ஹிஸ்ஸைப் பிடிக்கும் நிக்கல் உள்ள கொழுப்புப் படலம்) ஏற்றினால் மட்டும் மேலே சொன்ன இடிடிஏ சோதனை வேண்டாம். நிக்கலோடு ஐகேமும் கழன்று வந்துவிடும்.