உருளை எட்டாத இடம்: கைரோபிராக்டிக்கும் மசாஜ் நாற்காலியும் என் முதுகும்

தக்கலையில் 26 ஆண்டுகளாகத் தையல் கடை நடத்தி வருகிறேன். முகூர்த்த மாதங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் மெஷினின் மேல் குனிந்திருப்பேன். 2022 ஆவணியில், ஒரு கல்யாண வீட்டுக்கு 14 ரவிக்கைகளை இரண்டே நாளில் தைத்துக் கொடுத்த மறுநாள் காலை, பாயிலிருந்து எழ முடியாமல் ஒருக்களித்துப் புரண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இடுப்பு பிடித்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது வர்ம ஆசானைத்தான். நானும் அப்படியே போனேன். 108 வர்மப் புள்ளிகளையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய அந்த முதியவர், "எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சா மக்களே? அதப் பாக்காம நான் முதுகுல கை வைக்க மாட்டேன்" என்று திருப்பி அனுப்பியது எனக்கே வியப்பாக இருந்தது. நாகர்கோவிலில் படம் எடுத்ததில், இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பதும், நரம்பு அழுத்தப்படவில்லை என்பதும் தெரிந்தன. அறுவை தேவையில்லை என்ற எலும்பு மருத்துவர், கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்குப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று எச்சரித்தார். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமும் அனுப்பி வைத்தார். அவர் கற்றுத் தந்த பயிற்சிகளை நான் ஒரு வாரத்தில் கைவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாடிக்கையாளர் ஒருவர் சொன்னதைக் கேட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு கைரோபிராக்டரிடம் போகத் தொடங்கினேன். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர் தொடங்கிய முறை இது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென்று, அளவான விசையுடன் நகர்த்துவதே இதன் அடிப்படை. அப்போது எழும் 'டொப்' என்ற ஓசையைக் கேட்டு எலும்பு நேராகிவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன். மூட்டின் இடைவெளி திடீரென விரியும்போது அதிலுள்ள திரவத்தில் வாயுக் குழி உண்டாவதால் வரும் ஓசைதான் அது என்றும், விலகிய எலும்பு இடத்தில் போய் அமர்வதற்கான அடையாளம் அல்ல என்றும் பிறகு தெரிந்துகொண்டேன்.

முதல் மூன்று அமர்வுகளில் பலன் இருந்தது. குனிந்து பாபின் மாற்றும்போது வரும் வெட்டு வலி இரண்டு மூன்று நாள்களுக்கு மறையும். ஆனால் இரணியலில் ரயிலேறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போய், அதேபோல் திரும்பி வருவதற்குள் அந்தப் பலனில் பாதி கரைந்துவிடும். அமர்வுக்கு 1,200 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறாவது அமர்வில், 24 அமர்வுகளுக்கு 24,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினால் "முழுக் குணம்" என்றார்கள். எனக்கு வலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்காமல், இன்னும் எத்தனை அமர்வு வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் எப்படி அறிந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அன்றோடு நிறுத்திக்கொண்டேன். மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் இவர்களுக்கெனத் தனிப் பதிவு மன்றம் நம் நாட்டில் இல்லாததால், எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று நாமேதான் கேட்டாக வேண்டும். எலும்புத் தேய்மானம் முற்றிய என் மாமியாரை அங்கே அழைத்துப் போக நான் உடன்படவில்லை. கழுத்தைச் சுழற்றித் திருப்பும் முறையையும் எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். அரிதாகக் கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடும்.

2023 தை மாதம், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் 1,35,000 ரூபாய்க்கு ஒரு மசாஜ் நாற்காலியை வாங்கி வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டான். தோள், கைகள், கெண்டைக்கால்களைக் காற்றுப் பைகள் அழுத்தும். முதுகை உருளைகள் பிசையும். முதல் மாதம் ஒரு மணி நேரம் அதிலேயே கிடந்ததில், மறுநாள் முதுகுத் தசை அடிபட்டதுபோல் கன்றிப்போயிற்று. இப்போது 15 நிமிடத்துக்கு மேல் இருப்பதில்லை, விசையையும் கடைசிக் குறைந்த அளவிலேயே வைக்கிறேன்.

பெரிய குறை வேறொன்று. என் உயரம் நான்கடி பத்தங்குலம். தோளுக்கு வர வேண்டிய உருளை என் கழுத்தில் முட்டியது. இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உயர்த்திக்கொண்டபோது தோள் சரியானது, ஆனால் எனக்கு உண்மையில் வலிக்கும் அடியிடுப்பு அப்போதும் உருளை முடியும் இடத்துக்குக் கீழேதான் இருந்தது. இதில் உருளை ஓடும் தண்டவாளம் எஸ் வடிவில் இடுப்போடு நின்றுவிடுகிறது. எல் வடிவத் தண்டவாளம் உள்ள நாற்காலிகளில் உருளை இருக்கைக்கு அடியிலும் ஓடிப் புட்டம் வரை வரும் என்பதை வாங்கும் முன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆக, மூன்று ஆண்டுகளில் இந்த நாற்காலி என் தோள் இறுக்கத்தைத் தளர்த்தியிருக்கிறது, தூக்கத்தை நன்றாக்கியிருக்கிறது. இடுப்பு வலியை அது தொட்டதாகச் சொல்ல முடியாது.

இடுப்பு தேறியது தச்சர் வந்த பிறகுதான். மெஷின் மேசையின் கால்களுக்கடியில் இரண்டங்குல மரக்கட்டைகளை வைத்தார்; ஸ்டூலுக்குப் பதிலாக முதுகு சாயும் நாற்காலி வந்தது; வெட்டு மேசையும் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. கைவிட்ட பயிற்சிகளையும் காலையில் பத்து நிமிடம் மீண்டும் செய்யத் தொடங்கினேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சையையும் மசாஜையும் ஏற்கிறது, ஆனால் அவற்றை உடற்பயிற்சியோடும் வலியைப் பற்றிய தெளிவோடும் சேர்த்தே பேசுகிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. அதைப் படித்த அன்று என் பெல்ட்டை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றினேன்.

நாற்காலியின் செயற்கைத் தோல் கைப்பிடிகளில் உரியத் தொடங்கிவிட்டது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் ஸ்டெபிலைசர் ஒன்றும் வாங்க நேர்ந்தது. மாலையில் மாமியார் கால்களுக்கு மட்டும் போட்டுக்கொள்கிறார். படுக்கும் முன் என் முறை. சென்ற வாரம் தம்பி தொலைபேசியில், நண்பருக்கும் இதே நாற்காலியை வாங்கலாமா என்று கேட்டான். அந்த நண்பரையே கடைக்கு அழைத்துப் போய்ப் பதினைந்து நிமிடம் முழுதாக உட்கார வைத்து, உருளை எங்கே போய் நிற்கிறது என்று அவர் வாயாலேயே கேட்ட பிறகு பணத்தை எடு என்றேன்.